கையெழுத்துக்கு முன் ஒரு கப்பல்

அத்தியாயம் 14

போன வாரம் சின்னவன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனான் அல்லவா, அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மாமனார் செய்தித்தாளோடு பேசினார். மாமியார் பாத்திரங்களோடு பேசினார், அதுவும் தெருவுக்கே கேட்கிற மாதிரி. மூத்த மருமகளுக்குத்தான் பேச ஆளில்லை. அவள் கணவன் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன். போன் எடுத்தால் பாதி நேரம் அலைச் சத்தம்தான் கேட்கும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மாமனாரிடம் இருப்பது ஒரே ஒரு தியேட்டர், அதில் ஒரே ஒரு திரை. ஊரில் இப்படிச் சொந்தமாகத் தியேட்டர் நடத்துகிறவர்கள் மொத்தமே மூன்று பேர். மூன்று பேர் சேர்ந்தால் சங்கம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதால் சங்கம். அதற்கு மாமனார் தலைவர். இத்தனை நாளும் டிக்கெட் வசூலில் தியேட்டருக்குப் பாதி, படத்தை வாடகைக்குத் தரும் கம்பெனிக்குப் பாதி. இந்த வருஷத்துப் பெரிய படத்துக்குக் கம்பெனி நூற்றுக்கு எழுபது கேட்டது. அதோடு ஒரு மாதத்துக்கு வேறு படத்தைத் தொடக்கூடாது என்று ஒரு நிபந்தனை. மிச்சம் வருகிற முப்பதில் கரண்டு பில் கட்டினால் சம்பளம் நிற்கும், சம்பளம் கொடுத்தால் கரண்டு நிற்கும். அதனால் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று மூவரும் கையடித்துச் சத்தியம் செய்துகொண்டார்கள்.

அந்தக் கம்பெனியின் கிளை மானேஜர் யார் என்றால், சாட்சாத் மாமனாரின் இளைய மகன், நம் சின்னவன்.

"வீட்டுக்கு வர்றதுன்னா மகனா வா. அக்ரிமென்டைத் தூக்கிட்டு வர்றதா இருந்தா தியேட்டருக்கு வா" என்று அவர் சொன்னதால்தான் அந்தப் பாதிச் சாப்பாடு.

இப்போது வெள்ளிக்கிழமை காலை. படம் வெளியாகிற நாள்.

தியேட்டர் கேட்டுக்கு வெளியே ஜனம் நின்றுகொண்டிருந்தது. படம் இல்லை என்று போர்டு எழுதி மாட்டியும் நின்றது. கேட்டால், "சும்மா எழுதியிருப்பாங்க" என்றது. மாமியார் கேன்டீனில் பாப்கார்ன் பொரித்துக்கொண்டிருந்தார். படமே இல்லாத தியேட்டரில் பாப்கார்ன் எதற்கு என்று மாமனார் கேட்டதற்கு, "சண்டை உங்களுக்கும் கம்பெனிக்கும்தான். எனக்கும் சோளத்துக்கும் என்ன சண்டை?" என்று பதில் வந்தது.

மருமகள் மாடியில் ஆபரேட்டர் கேபினில் இருந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் கணவனைப் பார்க்க அந்தக் கேபினுக்குப் படி ஏறியவள், அவன் கப்பலுக்குப் போன பிறகு மெஷினைப் பார்க்கப் படி ஏறினாள். இன்று அந்த மெஷினை ஓட்ட அவளை விட்டால் ஆளில்லை.

படப் பெட்டி இரண்டு நாள் முன்பே வந்திருந்தது. பெட்டி என்றால் பழைய தகரப் பெட்டி இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டிஸ்க். கம்பெனி எல்லாத் தியேட்டருக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடும். படம் அதில்தான் இருக்கும், ஆனால் பூட்டியிருக்கும். கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் மெயிலில் சாவி வரும். அந்தச் சாவியை மெஷினில் ஏற்றினால்தான் படம் திறக்கும்.

கம்ப்யூட்டரைத் திறந்தவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். சாவி வந்திருந்தது. அனுப்பியவன் சின்னவன்.

வேலை போனாலும் போகட்டும் என்று அப்பாவுக்காகத் திருட்டுத்தனமாக அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தாள். போன வாரம் அவனைப் பற்றி மனசுக்குள் திட்டியதற்கெல்லாம் மனசுக்குள்ளேயே மன்னிப்பு கேட்டுக்கொண்டாள். நியாயமாக அப்போதே இறங்கிப் போய் மாமனாரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை. கை பழக்கப்பட்ட வேலையைச் செய்தது. எந்தப் படம் வந்தாலும் ஜனத்தை விடுவதற்கு முன் கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிடுவாள். ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் போட்ட படத்தில் திரையில் பொம்மை அசைந்தது, சத்தம் வரவில்லை. அன்றைக்கு முன்வரிசைக்காரர்கள் கிழித்த சீட்டுகளை மாமியார்தான் ஒரு வாரம் உட்கார்ந்து தைத்தார். அதிலிருந்து, சமையலில் உப்புப் பார்க்கிற மாதிரி, சாவி வந்தால் டெஸ்ட்.

சாவியை ஏற்றினாள். சிவப்பாக இருந்த விளக்கு பச்சையானது. ஓட விட்டாள். சத்தம் கீழே எப்படிக் கேட்கிறது என்று பார்க்கப் படி இறங்கிப் போய் ஹாலின் நடுவில் ஒரு சீட்டில் உட்கார்ந்தாள். ஏ.சி. போடாததால் புழுக்கமாக இருக்க, பக்கத்துக் கதவுகளை வேறு திறந்து வைத்தாள். செய்த தப்பு இதுதான்.

திரை இருட்டாகவே இருந்தது. கயிறு முறுகுகிற சத்தம் மட்டும் கேட்டது. போச்சு, பொம்மை வரவில்லை என்று எழுந்திருக்கப் போனாள். அப்போதுதான் அந்த இருட்டு மெதுவாக நகர்ந்தது. அது இருட்டில்லை, ஒரு கப்பலின் பக்கவாட்டு. கரையில் சேற்றுக்குள் நின்று நூற்றுக்கணக்கான பேர் அதைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். உடைப்பதற்காகக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கப்பல் வந்துகொண்டே இருந்தது. அதன் தலை திரைக்குள் அடங்காமல் மேலே எங்கேயோ போய்விட்டது. அவள் கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தாள், ஏதோ நிமிர்ந்தால் தெரிந்துவிடும் என்பது போல.

இத்தனை வருஷம் இந்தத் திரைக்குப் படம் போட்டிருக்கிறாள். இவ்வளவு பெரிய திரையா இது என்று அன்றைக்குத்தான் தோன்றியது. கை ரோமமெல்லாம் எழுந்து நின்றது. தன் புருஷன் இத்தனை பெரிய ஒன்றின் வயிற்றுக்குள்தான் தூங்குகிறான் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

கப்பல் ஒரு ஊதல் ஊதியது. ஹாலே நடுங்கியது.

"யாரைக் கேட்டும்மா போட்டே?"

மாமனார் வாசல் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது.

"மாமா... சின்னவர் சாவி அனுப்பியிருக்கார். சும்மா டெஸ்ட்டுக்குத்தான்..."

"நிறுத்து! முதல்ல நிறு..."

மிச்சம் வெளியே வரவில்லை. அவர் பார்வை திரையில் போய் ஒட்டிக்கொண்டது. நின்றார். பிறகு சீட்டின் கைப்பிடியில் சாய்ந்தார். பிறகு அவரை அறியாமலே சீட்டில் உட்கார்ந்தார். சொந்தத் தியேட்டரில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. எப்போதும் பின்னால் நின்று எத்தனை சீட் காலி என்று எண்ணிக்கொண்டிருப்பார். இப்போது அவரும் அவளைப் போலவே கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

"அடேயப்பா" என்றார், மிக மெதுவாக.

கப்பலின் ஊதல் திறந்த கதவு வழியாகத் தெருவுக்கே போய்விட்டது. கேட்டில் நின்ற ஜனம் விசில் அடித்து ஆர்ப்பரித்தது. "படம் ஓடுது! நான்தான் சொன்னேன்ல!" என்று யாரோ கத்தினார்கள்.

கேட்டில் ஜனம் மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. சத்தியம் செய்த மற்ற இரண்டு முதலாளிகளும் தலைவருக்குத் துணையாக இருக்கலாம் என்று அதே நேரம் பார்த்து வந்து இறங்கியிருந்தார்கள். ஒருவர் பாலத்துத் தியேட்டர்காரர், எலும்பும் தோலுமாக இருப்பார். இன்னொருவர் பஸ் ஸ்டாண்டு தியேட்டர்காரர். அவர் உட்காரும் சீட்டைப் பற்றி எல்லோருக்கும் கவலை.

"நல்லா இருக்கு தலைவரே!" பாலத்துக்காரர் உள்ளே நுழையும்போதே கத்தினார். "எங்களைச் சத்தியம் பண்ண வச்சுட்டு நீங்க கதவைச் சாத்திக்கிட்டுப் படம் ஓட்டறீங்களா?"

"கதவைச் சாத்தியிருந்தா உங்களுக்கு ஏங்க கேட்டிருக்கப் போகுது?" என்று மருமகள் வாய்க்குள் முனகினாள். பிறகு சத்தமாகச் சொன்னாள். "தப்பு என் மேலங்க. மாமாவுக்குத் தெரியாது. டெஸ்ட் போட்டேன்."

"மகன் கம்பெனியில இருக்கான், அப்பாவுக்கு மட்டும் சாவி வருது. எங்க காதுல எவ்வளவு பூ வேணா சுத்தலாம்னு நினைச்சீங்களா?" என்றார் பஸ் ஸ்டாண்டுக்காரர்.

மாமனார் எழுந்தார். கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உக்காருங்க."

"எதுக்கு?"

"எதை வேண்டாம்னு சொல்றோம்னு ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுவோம். அம்மா, நீ மேல போ. முதல்ல இருந்து போடு."

அவள் ஓடிப்போய் முதலிலிருந்து ஓட விட்டாள். கேபினின் சின்ன ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். அத்தனை பெரிய ஹாலில் மூன்றே மூன்று தலைகள். கயிறு முறுகியது. கப்பல் நகர்ந்தது. மூன்று தலைகளும் ஒன்றுபோல மெல்ல நிமிர்ந்தன. சிரிப்பு வந்தது அவளுக்கு. ஆனால் சிரிக்க முடியவில்லை. மூன்றும் சினிமாவைக் கரைத்துக் குடித்த தலைகள். இது எத்தனை வாரம் ஓடும், எந்த ஷோ காலியாக இருக்கும் என்று போஸ்டரைப் பார்த்தே சொல்லிவிடுகிறவர்கள். அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

திரையில், கயிறு இழுத்தவர்களில் ஒரு பெண் கப்பலுக்குள் ஏறினாள். காலியான நடைபாதைகளில் டார்ச் அடித்துக்கொண்டு போனாள். ஒரு இரும்புக் கதவு முன்னால் நின்றாள். உள்ளிருந்து யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் கைப்பிடியைத் திருகினாள்.

"நிறுத்தும்மா!" என்று கீழேயிருந்து மாமனார் கத்தினார்.

நிறுத்தினாள். விளக்கைப் போட்டாள். படி இறங்கி வந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்காரர்தான் முதலில் மூச்சு விட்டார். "உள்ளே யாருய்யா?"

"தலைவரே, மன்னிச்சுக்குங்க." பாலத்துக்காரர் குரல் கம்மியிருந்தது. "இந்தப் படத்தை விட்டுட்டா நான் எதுக்குத் தியேட்டர் வச்சிருக்கேன்னு என்னையே கேட்டுக்கணும். நான் கையெழுத்துப் போடப் போறேன். எழுபது என்ன, எண்பது கேட்டாலும் கொடுக்கலாம்."

"கொடுக்கலாம்" என்றார் மாமனார். "நானும் அதைத்தான் நினைச்சேன். அதனாலதான் கொடுக்கக் கூடாது."

"புரியலையே?"

"இதுக்கு எழுபது கொடுத்தா அடுத்த வாரம் வர்ற குப்பைக்கும் எழுபது கேப்பான். அதுக்கும் கொடுப்போம். அப்புறம் ஒரு நாள் தியேட்டரை மூடுவோம். இந்த மாதிரி இன்னொரு படம் எவனாவது எடுத்துட்டு வந்தா, அதைப் போட ஊர்ல ஒரு திரை இருக்காது. எனக்கு மட்டும் ஆசை இல்லையாய்யா? அந்தக் கதவைத் திறந்து பார்க்கணும்னு என் உசிரு துடிக்குது."

சொல்லும்போது அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. வெறும் வெள்ளைத் திரை. மருமகள் அவரையே பார்த்தாள். வேண்டும் என்று இவ்வளவு ஆசைப்பட்டுக்கொண்டே ஒரு மனுஷன் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கப்பலைப் பார்த்தபோது வந்த அதே சிலிர்ப்பு அவளுக்கு மறுபடி வந்தது.

"சாவி நான்தான் அனுப்பினேன்."

கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோடு சுவராகச் சின்னவன் நின்றுகொண்டிருந்தான். கையில் கம்பெனிப் பை. எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை.

"தெரியும் தம்பி" என்றாள் மருமகள், இளகிப்போய். "உங்க வேலைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சும்..."

"இல்ல அண்ணி." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கம்பெனி அனுப்பச் சொல்லித்தான் அனுப்பினேன். யோசனை என்னுது. சாவி போனா அண்ணி டெஸ்ட் போடாம இருக்க மாட்டாங்க, படத்தை ஒரு தடவை பார்த்துட்டா அப்பா கையெழுத்துப் போட்டுடுவார்னு நான்தான் சொன்னேன்."

அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"அப்ப எலிப்பொறியில வச்ச தேங்காய்த் துண்டு நானா?"

"அண்ணி..."

"என் வேலைமேல எனக்கு இருக்கிற அக்கறையைப் போய்க் கம்பெனிக்கு வித்துட்டு வந்திருக்கீங்களே தம்பி. உங்க அண்ணன் போன்ல கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

மாமனார் கோபப்படவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. அவர் நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ இந்தப் படத்தைப் பார்த்தியாடா?"

"இல்லப்பா."

"ஊர் பூராவும் எழுபது எழுபதுன்னு வித்தியே, பார்க்கவே இல்லையா?"

"எங்க ஆபீஸ்ல யாரும் பார்க்கலப்பா. டிரெய்லரையும் நடிகர் பேரையும் வச்சுத்தான் ரேட் போட்டோம்." வெள்ளைத் திரையைப் பார்த்தான். "இப்ப இங்க நின்னுதான் பார்த்தேன்."

அப்போதுதான் அவள் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். பொறி வைத்தவன் முகமாக அது இல்லை. சின்ன வயசில் திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டவன் மாதிரி, எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, உங்களைக் கேக்கறதுக்கு எனக்கு வாயே இல்ல. இருந்தாலும்... இன்னும் கொஞ்சம் ஓட்டறீங்களா?"

"முடியாது" என்றார் மாமனார். "கையெழுத்தில்லாம ஒரு நிமிஷம்கூட ஓடக் கூடாது. அது நீங்க போட்ட சட்டம்."

சின்னவன் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தான். பையைத் திறந்து அக்ரிமென்டை எடுத்தான். பாலத்துக்காரர் தன் பாக்கெட்டில் பேனாவைத் தேடினார். சின்னவன் அவரைப் பார்க்கவில்லை. எழுபது என்று அச்சடித்திருந்த இடத்தை அடித்தான். மேலே ஐம்பது என்று எழுதினான். ஒரு மாதத்து நிபந்தனையைக் குறுக்கே கோடு போட்டு எடுத்தான். கீழே, கம்பெனிக்காக என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டான். முத்திரையும் குத்தினான். அடுத்தடுத்து மூன்று அக்ரிமென்டுக்கும் அதையே செய்தான்.

பஸ் ஸ்டாண்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "தம்பி, இது செல்லுமா?"

"செல்லும். கம்பெனிக்காகக் கையெழுத்துப் போடற அதிகாரம் எனக்கு இருக்கு" என்றான் சின்னவன். பிறகு லேசாகச் சிரித்தான். "சாயங்காலம் வரைக்கும்."

மாமனார் அடித்திருந்த எழுபதின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். மருமகளுக்கு அவன்மேல் இருந்த கோபம் எந்த வழியாகப் போனதென்றே தெரியவில்லை. காலையில் அவளை விற்றவன், இப்போது தன்னையே கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறானே என்று பிரமித்துப் போய் நின்றாள்.

கேன்டீன் கதவில் மாமியார் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

"மத்தியானம் சாப்பிட வர்றியாடா?" என்றார் மகனிடம்.

"வர்றேம்மா."

"முழுசா சாப்பிடறதா இருந்தா வா" என்று சொல்லிவிட்டு பாப்கார்ன் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாமனார் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மற்ற இருவரும் அவரவர் அக்ரிமென்டில் போட்டுக்கொண்டு, சின்னவன் போனிலேயே சாவியை அனுப்பியதும் தங்கள் தியேட்டரைத் திறக்க ஓடினார்கள். பஸ் ஸ்டாண்டுக்காரர் மட்டும் வாசலில் திரும்பி, "அந்தக் கதவுக்குப் பின்னால யாருன்னு தெரிஞ்சா போன் பண்ணுங்க" என்றார்.

கேட் திறந்தது. ஜனம் உள்ளே வந்த வேகத்தைச் சொல்லி முடியாது. விசிலும் சிரிப்பும் சீட்டுச் சண்டையுமாக ஹால் அதிர்ந்தது. மருமகள் கேபினுக்குப் போய் விளக்கை அணைத்தாள். கயிறு முறுகியது. கப்பல் நகர்ந்தது. விசில் ஒவ்வொன்றாக நின்றது. பிறகு அத்தனை நூறு தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. இருமல்கூடக் கேட்கவில்லை. இத்தனை பேர் சேர்ந்து இவ்வளவு மௌனமாக இருக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

கடைசி வரிசையில் அப்பாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவன் மடியில் போன் வெளிச்சம் மினுங்கியது. அணைந்தது. மறுபடி மினுங்கியது. அவன் எடுக்கவில்லை. அடுத்த முறை மினுங்கியபோது மாமனார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, போன்மேல் வைத்து மூடினார். கையைத் திரும்ப எடுக்கவில்லை.

அப்போதுதான் கேபின் போன் அடித்தது.

"தியேட்டரா? நாங்க ரிலீசுக்காக ஹெட் ஆபீஸ்ல இருந்து வந்திருக்கோம். ஐம்பதுக்குக் கையெழுத்தாயிடுச்சுன்னு பாலத்துத் தியேட்டர்ல சொன்னாங்க." அடக்கிய கோபம் குரலில் தெரிந்தது. "உங்க வாசல்லதான் நிக்கிறோம். எங்க கிளை மானேஜர் உள்ளே இருக்காரா?"

அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். திரையில் அந்தப் பெண் இரும்புக் கதவின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஹால் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாமனாரின் கை இன்னும் மகனின் மடியில்தான் இருந்தது.

"இருக்கார். படம் பார்த்துட்டிருக்கார்" என்றாள். "நீங்க இன்னும் பார்க்கலையாமே? வாசல்ல ஏன் நிக்கிறீங்க, டிக்கெட் எடுத்துக்கிட்டு உள்ள வாங்க. அந்தக் காசுல பாதி உங்களுக்குத்தானே வரப்போகுது!"